கரட்டு நிலத்திற் சுமை தூக்கும் பொறி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளில், இரும்புக் கவைகளாற் சுமை தூக்கிச் சிமெண்டுத் தளத்தின்மீது ஓடும் போர்க்லிப்டுகளை நாம் கண்டிருக்கிறோம். அவை மழைக்காலத்தில் நம் ஊத்துக்கோட்டை ஆரணியாற்றங்கரைச் சேற்றில் இறங்குமாயின் புதைந்துபோம். இத்தகைய நிலத்திற்கென்றே அமைந்தது கரட்டு நிலப் போர்க்லிப்டு.

இதன் டயர்கள் பெரியன, காற்றடைத்தன, ஆழ்ந்த வெட்டுக்கள் உடையன. அடிப்பாகம் தரையினின்று உயர்ந்து நிற்கும். பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் ஆற்றல் செல்லுதலால், முன்னவை வழுக்கினும் பின்னவை தள்ளும். நீளும் கையிற் கவைகளைப் பூட்டிய வகைப் பொறியொன்றை 1977-இல் இங்கிலாந்தின் ஜேசிபி கம்பெனியார் வெளியிட்டனர். இவ்வகையுட் பலவற்றில் முன்பின் சக்கரங்கள் எதிரெதிராய்த் திரும்பின், பொறி குறுகிய இடத்திலும் வளையும். ஒரே திசையில் திரும்பின், நண்டுபோற் பக்கவாட்டிற் செல்லும்.

ஆயின், எங்கும் செல்லவல்லது எங்ஙனமும் செல்லலாம் என்று எண்ணுதல் பிழை. முன் சக்கரங்கள் இரண்டையும், பின் அச்சு அசைந்தாடும் நடு முளையையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைக. பொறியும் சுமையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் அதனுள் அடங்கும் அளவே பொறி நிற்கும். சுமை உயர மையமும் உயரும். அப்பொழுது சிறு சரிவும் அதனை வெளியே தள்ளிவிடும். ஆதலின் சுமையைத் தாழ்த்தியே செல்க. ஏறினும் இறங்கினும் சுமை மேட்டுப் பக்கமே இருத்தல் வேண்டும். சரிவிற் குறுக்கே திரும்பலாகாது. கவிழுங்கால் வெளியே குதிப்பவன் பொறியின்கீழ் அகப்படுவான். இடுப்புப் பட்டை பூட்டி இருக்கையிலேயே இருப்பவனுக்குப் பிழைக்க வழியுண்டு.

இவற்றை உழைப்பாளிக்கு அவன் தாய்மொழியில் விளங்கச் சொல்லுதல், தமிழ் கற்கும் நம் கடனன்றோ?