நடைபாதையில் அறுபடும் சங்கிலி

2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய தில்லி மெட்ரோ ரயிலின் நிலையங்களில், மின்தூக்கிகளும், சாய்தளங்களும், பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கத்தக்க புடைப்பு ஓடுகளும் திட்ட வரைபடத்திலேயே இடம் பெற்றன. சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தூக்கிச் செல்லாமலே ரயில் பெட்டியை அடைகிறார். நிலைய வாயிலைக் கடந்த பிறகே அவருக்குத் தொல்லை ஆரம்பமாகிறது.

நிலையம் ஒரு நிறுவனத்தினுடையது. வெளியேயுள்ள அகன்ற சாலை பொதுப்பணித் துறையினுடையது. அதிலிருந்து பிரியும் தெரு மாநகராட்சியினுடையது. எல்லைகள் சந்திக்குமிடத்தில் சாய்தளம் அமைப்பது எவர் பொறுப்பு என்ற வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. தேவைப்படுவதோ மிகச் சிறிது. 12-க்கு 1 என்பது ஏற்கப்பட்ட சாய்வு விகிதம். 15 சென்டிமீட்டர் உயர நடைபாதைக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் போதும். அஃதில்லாதபோது பயணி சாலையிலேயே, வாகனங்களுக்கிடையே, செல்ல நேர்கிறது. தாழ்தளப் பேருந்தின் நிலையும் இதுவே. ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி நிறுத்தாமல் சாலை நடுவே நிறுத்தினால், பேருந்தின் மடிப்புப் பலகை ஏற முடியாத செங்குத்தாகிவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் ஏறத்தாழ 81 இலட்சம் பேர் நகரவாசிகள். (மூட்டுவலியுள்ள முதியோர் இக்கணக்கில் வாரார்.) 1995ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வசதிகளைப் 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' செய்யுமாறு கூறியது. பொருளியல் பயின்றவன் என்ற முறையில் இச்சொற்றொடர் எனக்கு என்றுமே உடன்பாடானதன்று. காங்கிரீட் இடும்போதே சரித்துவிட்டால் கூடுதல் செலவு அற்பம். பின்னர் உடைத்துக் கட்டுவதே பெருஞ்செலவு. 2016ஆம் ஆண்டுச் சட்டம், விதிகளுக்கு இணங்காத கட்டடத்திற்கு அனுமதியோ, பணிநிறைவுச் சான்றிதழோ வழங்கலாகாது என்றது. ஆயினும் 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆம் விதி சுட்டிய தரங்கள் பெரும்பாலும் பரிந்துரைகளாகவே இருந்தன. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விதி சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்து, கட்டாயத் தரங்களை மூன்று மாதங்களில் வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது.

கட்டாயம் என்பது களத்தில் எவ்வாறு தோன்றும்? நான் பார்த்த நடைபாதைப் பணிகளின் அளவுப் புத்தகங்களில் நீளம், அகலம், கனம் ஆகிய மூன்றுமே பதிவாகியிருந்தன. அவற்றை வைத்தே ஒப்பந்தக்காரரின் பட்டியலுக்குப் பணம் வழங்கப்பட்டது. சாய்வு விகிதத்திற்கென நான்காவது பத்தி ஒன்றைச் சேர்த்து, அது நிரப்பப்படாத பட்டியலை நிறுத்திவைக்க இளநிலைப் பொறியாளருக்கு அதிகாரம் தருவதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.