தூளுக்கும் கூட்டாளி, மருந்துக்கும் கூட்டாளி

போதைக்கு அடிமையான பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால், நம்மவர் வாயில் முதலில் வருவது "கூட்டாளிமார்தான் கெடுத்தவங்க" என்பதே. இதில் உண்மை உண்டு. முதல் பக்கெற்றை நீட்டுகிறவன் பெரும்பாலும் முன்பின் தெரியாத வியாபாரி அல்லன். கூடப் படித்தவன் அல்லது கூட வேலை செய்தவன். ஆனால் இந்தப் பேச்சுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. போதையை விட்டு மீண்ட ஒரு கூட்டாளியால், வைத்தியராலும் தாய் தகப்பனாலும் இயலாத ஒரு காரியம் முடியும். சிகிச்சையின் முதல் அடியை எடுத்துவைக்கச் செய்வதே அந்தக் காரியம். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்கராயனை எடுத்துக்கொள்வோம். ஏ-9 வீதியில் முறிகண்டியிலிருந்து மேற்கே உள்ளே போனால் வரும் ஊர். குளத்தை நம்பி வயல் செய்யும் சனம். 1990களின் பிற்பகுதியில் கிளிநொச்சி நகரம் யுத்தத்தால் காலியானபோது, நகரத்து ஆஸ்பத்திரியே இடம்பெயர்ந்து இங்கேதான் இயங்கியது. காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஊரே ஆஸ்பத்திரிக்கு ஓடிய மண் இது. இன்று போதைக்கு அடிமையான மகனை அதே ஆஸ்பத்திரிப் படலைக்குக் கூட்டிப்போக வீட்டார் தயங்குகிறார்கள். இது அக்கராயனுக்கு மட்டுமான கதையல்ல. நாச்சிக்குடா, தண்ணீரூற்று, செட்டிகுளம் என்று நம்மவர் வாழும் ஊர்களிலும் இதே தயக்கம்தான். கசிப்பு முந்தியே இருந்தது. இப்போது கஞ்சா, மாவா, குளிசை, தூள், ஐஸ் எல்லாம் சேர்ந்துவிட்டன.

தயக்கத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று வெட்கம். மற்றது பயம்: "ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸுக்குச் சொல்லிருவாங்க, கந்தக்காட்டுக்கு ஏத்திருவாங்க." பொலன்னறுவை மாவட்டத்தில் இராணுவத்தினரின் பொறுப்பில் இருந்த கந்தக்காடு நிலையத்தில், 2022 ஜூனில் ஒருவர் இறந்ததை அடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய செய்தி யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்ற உத்தரவின் பேரில் சிகிச்சைக்கு அனுப்புவதைப் போலவே, ஒருவர் தானாக விரும்பிச் சிகிச்சை பெறுவதற்கும் வழி வைத்திருக்கிறது. இந்த இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், அதை யார் சொன்னால் நம்புவார்கள்? அந்த வழியால் போய்த் திரும்பி வந்தவன் சொன்னால் நம்புவார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், சில மாதங்களாகக் குடியை விட்டிருந்த பில் வில்சன் என்பவர், மறுபடியும் குடித்துவிடுவோமோ என்று பயந்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். அந்த இருவரின் பேச்சிலிருந்து பிறந்ததுதான் உலகெங்கும் பரவிய 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்'. வில்சன் உபதேசம் செய்யப் போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். உதவி செய்தவருக்கும் அதுவே மருந்தானது. 2020இல் வெளியான கொக்ரேன் ஆய்வு, 10,000க்கு மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, குடியைத் தொடர்ந்து விட்டிருப்பதற்கு இந்தக் கூட்டாளிக் குழுக்களுடன் இணைக்கும் சிகிச்சை மற்ற முறைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்றது.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம், 1989இலிருந்து மஞ்சக்குடி என்ற நெல் விளையும் கிராமத்தில் முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தது. குடிக்கு அடிமையானவர்களை நகரத்துக்கு இழுக்காமல், ஊருக்குள்ளேயே ஒன்றாகத் தங்கவைத்து, ஊராரின் ஒத்தாசையோடு மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள். ஒருவன் நடுங்கும்போது பக்கத்தில் கிடப்பவனும் நடுங்குகிறான். அங்கே வெட்கத்துக்கு இடமில்லை. அக்கராயன் போன்ற ஒரு ஊருக்கு இது எட்டாத காரியமல்ல.

ஆனால் கூட்டாளி வைத்தியர் அல்லர். இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. நாளாந்தம் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளளவில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை வீட்டில் பூட்டிவைப்பது கொலைக்குச் சமம், ஆஸ்பத்திரிதான் இடம். சில நரம்புக் குளிசைகளைச் சட்டென நிறுத்துவதும் அப்படித்தான். தூள் வேறு விதம்: கடைசியாகப் பாவித்து 8 முதல் 12 மணித்தியாலத்தில் உடம்பு உளைச்சல், வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், ஒரு வாரமளவில் தணியும். ஆபத்து அதற்குப் பிறகுதான். உடம்பு பழக்கம் விட்டிருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஐஸை விட்டவர் நாள்கணக்கில் தூங்குவார். பிறகு மனம் இருண்டு தற்கொலை எண்ணம் வரலாம். அப்போது அவரைத் தனியே விடக்கூடாது. அந்த எண்ணத்தை இரகசியமாக வைத்திருக்கவும் கூடாது.

அப்படியானால் கூட்டாளியின் வேலை என்ன? "தம்பி, நானும் இப்படித்தான் கிடந்தேன்" என்று சொல்வது. கிளிநொச்சி பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூடவே போய், வரிசையில் பக்கத்தில் நிற்பது. முதல் வாரம் தினமும் வீட்டுக்கு வருவது. பழைய வியாபாரியின் இலக்கத்தைப் போனிலிருந்து அவன் கையாலேயே அழிக்கவைப்பது. காசு கடன் கொடுக்காதது. தன்னிடமுள்ள குளிசையைக் கொடுக்காதது. அவன் மறுபடி சறுக்கினால் ஏசாமல் திரும்பவும் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது.

நமது மார்க்கத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. மது படிப்படியாகவே தடுக்கப்பட்டது. இறுதித் தடை வந்த நாளில், அபூதல்ஹா (ரலி) வீட்டில் கூடியிருந்து குடித்தவர்கள் அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள் என்பது அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி. திரும்பத் திரும்பக் குடித்துத் தண்டனை பெற்ற ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் சபிக்கவேண்டாமென்று தடுத்து, அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. தவறைத் தவறென்றே சொன்னார்கள், ஆளைத் தள்ளிவைக்கவில்லை.

ஆகவே ஜமாஅத் நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. ஊரில் விட்டு மீண்டவர்கள் இரண்டு பேரையாவது, அவர்கள் சம்மதத்தோடு, இந்த வேலைக்குக் கேளுங்கள். உளநலப் பிரிவின் கிளினிக் நாட்களை அறிந்து அவர்களிடம் கொடுங்கள். ஓட்டோச் செலவை ஸதகா நிதியிலிருந்து கொடுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிவையுங்கள். அதைப் பார்க்கிற ஒரு உம்மா, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை.