முதல் சந்திப்புக்கு அம்மா மட்டும் போகலாம்

பதின்ம வயதுப் பிள்ளைகள் – 14

சென்னை பெருங்குடியில் குடியிருக்கும் ஓர் அம்மாவுக்கு ஓஎம்ஆரில் வேலை. பிளஸ் ஒன் படிக்கும் மகன் சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கும் அவன் அறையில் விளக்கு எரிகிறது. உயிராக நினைத்த கிரிக்கெட் மட்டை பரணுக்குப் போய்விட்டது. “கவுன்சலிங் போலாமாடா?” என்று கேட்டதற்கு, “நான் என்ன பைத்தியமா? நீ வேணா போ” என்று கதவைச் சாத்திக்கொண்டானாம்.

“பல் டாக்டர்கிட்டன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடட்டுமா சார்?” என்று கேட்டார்.

வேண்டவே வேண்டாம். அந்தப் பொய் ஆலோசகரின் அறை வாசலிலேயே உடைந்துவிடும். அதற்குப் பிறகு அவன் உங்களையும் நம்ப மாட்டான், உள்ளே உட்கார்ந்திருப்பவரையும் நம்ப மாட்டான்.

பைத்தியம் என்பார்களோ என்ற அவன் பயம் நாம் ஊட்டியதுதான். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி, சினிமாவில் அதற்குக் கைதட்டியவர்கள் நாம். அங்குள்ள மனநல மருத்துவமனையை 1961 முதல் நடத்திய டாக்டர் சாரதா மேனனையோ, 1984இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பையோ பிள்ளைகளுக்கு நாம் சொன்னதில்லை. இத்தனைக்கும் இது அரிதானதல்ல. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர்.

“நீ வேணா போ” என்றான் அல்லவா? போங்கள். பிள்ளை வராமல் பெற்றோர் மட்டும் ஆலோசகரைப் பார்ப்பது வழக்கத்தில் உள்ளதுதான். தூக்கம், சாப்பாடு, பள்ளி, நண்பர்கள் இவற்றில் எது எப்போதிலிருந்து மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் நாம் மாற்றிக்கொள்ள வேண்டியதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

திரும்பி வந்ததும் மறைக்காமல் சொல்லுங்கள். வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து வரும்போது சொன்னால் இன்னும் நல்லது. முகம் பார்க்க வேண்டியதில்லை. “எனக்கே பயமா இருந்துச்சுடா, அதான் போய்ப் பேசிட்டு வந்தேன்.” அவ்வளவு போதும். பிறகு ஒரு நாள் அவனாகக் கேட்டால், முடிவை அவன் கையில் கொடுங்கள்: ஆலோசகர் ஆணா பெண்ணா, நேரிலா போனிலா, ஒருமுறை பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் வேறொருவரா. அவன் பேசுவதில் எது தமக்குள்ளேயே இருக்கும், உயிருக்கு ஆபத்தென்றால் எதைப் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை ஆலோசகர் முதலிலேயே அவனிடம் விளக்க வேண்டும். வீடு திரும்பும் ஆட்டோவில் “என்ன பேசினீங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்தப் பொறுமைக்கு ஒரு விலக்கு உண்டு. சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அவன் சம்மதத்துக்குக் காத்திருக்காதீர்கள். தனியே விடாதீர்கள். மாத்திரைகளை அப்புறப்படுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எங்கே போகிறோம் என்ற உண்மையை அப்போதும் மறைக்காதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா, சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. அங்கே தன்னார்வலர்கள் அறிவுரை சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

அந்த அம்மா இந்தச் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார், தனக்காக.

(அடுத்த வாரம்: பள்ளியில் எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது)