கொதித்துப்போன கிரவுண் விக்டோரியா: பழுது இயந்திரத்திலா, பிளாஸ்டிக்கிலா?

வட அமெரிக்காவில் குறைந்த விலைக்குப் பெரிய கார் தேடுகிறவர்களின் கண்ணில் போர்ட் கிரவுண் விக்டோரியா எப்படியும் பட்டுவிடும். பொலிஸ் காராகவும் டாக்சியாகவும் நீண்டகாலம் ஓடிய கனத்த செடான் அது. 4.6 லீற்றர் வீ8 இயந்திரம், பின்சில்லு இழுவை, லொறிகளில் இருப்பதைப்போல் தனி இரும்புச் சட்டகம். கனடாவின் ஒன்ராறியோவிலிருந்த சென் தோமஸ் தொழிற்சாலையில் 2011 செப்டெம்பரில் உற்பத்தி நின்றது. இன்று கிடைப்பவை எல்லாமே பழையவைதான்.

இந்தக் கார்களில் ஒரு பகுதி, இயந்திரம் போய்விட்டது என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு விற்கப்படுகிறது. காரணம் பல தடவைகளில் இயந்திரமே அல்ல. 1996 முதல் 2001 வரையான மொடல்களில் காற்றை உள்ளிழுக்கும் இன்டேக் மெனிபோல்ட் முழுக்கப் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டது. கூலன்ற் கடந்துபோகும் குறுக்குக் குழாயும் அதே பிளாஸ்டிக்தான். சூடாகியும் ஆறியும் வருடக்கணக்கில் உழைத்த பின்னர், முன்பக்கத்தில் அல்டர்னேற்றருக்கு அருகே அது வெடிக்கிறது. கூலன்ற் ஒழுகி கார் கொதிக்க, உரிமையாளர் ஹெட் கஸ்கற் எரிந்துவிட்டதாகப் பயப்படுகிறார். இந்தக் குறைபாட்டுக்காக உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்து, அது இணக்கத் தீர்வில் முடிந்தது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இயந்திரம் நன்றாக ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். ஒயில் அளக்கும் கம்பியில் பால்போன்ற கலங்கல் இல்லை, புகைக்குழாயில் தொடர்ந்து வெள்ளைப் புகை வரவில்லை, ஆனால் கூலன்ற் மட்டும் குறைகிறது என்றால் டோர்ச் அடித்து அல்டர்னேற்றரின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே ஈரமோ காய்ந்த கறையோ தெரியும். தெரியாவிட்டால், கராஜில் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போது கசிவு வெளிப்படும். குறுக்குக் குழாய் அலுமினியத்தாலான மாற்று மெனிபோல்ட் சந்தையில் உண்டு. அதைப் போடும்போதே தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடுவது புத்தி. ஆனால் கொதிக்கக் கொதிக்க ஓட்டியிருந்தால் கதை வேறு. அலுமினிய ஹெட் வளைந்திருக்கலாம்.

கசிந்த கூலன்ற் பிளக் குழிகளில் தேங்குவதும் உண்டு. கார் குலுங்கி இழுக்கும். கொயிலை மாற்றச் சொல்வார்கள். முதலில் குழியைப் பாருங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் அழுக்கு உள்ளே விழும்.

காரின் பின்பக்கம் இரவோடிரவாகத் தாழ்ந்து கிடந்தால், அது காற்று ஸ்பிரிங் பொருத்திய வகை, காற்றுப்பை கசிகிறது. சாதாரண கம்பிச் சுருளுக்கு மாற்றிக்கொள்வோர் பலர். ஜாக் போடுமுன் டிக்கிக்குள் உள்ள ஆளியை நிறுத்த மறக்கவேண்டாம்.

உயிராபத்தான பழுது வேறொன்று. 2003 முதல் 2005 வரையான மொடல்களில் விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஈயப் பற்றவைப்பு வெடித்து, ஓடும்போதே முன்விளக்குகள் அணைந்துபோகின்றன. முன்னால் செல்பவருக்கு வெளிச்சம் காட்டுவதற்கு இழுக்கும் நெம்பை இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் விளக்கு எரியும். ஓரங்கட்ட அது போதும்.  வாங்கும் காரில் அந்தப் பெட்டி திருத்தப்பட்டதா என்பதை விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

எரிபொருள் தாங்கி பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் காரின் பழைய சர்ச்சை. பின்னாலிருந்து வேகமாக மோதப்பட்ட பொலிஸ் கார்கள் தீப்பற்றி அதிகாரிகள் இறந்தார்கள். அதன் பின்னர் பொலிஸ் கார்களுக்குப் பாதுகாப்புத் தகடுகள் பொருத்தப்பட்டன.

ஏலத்தில் வரும் பொலிஸ் காரின் மைல் கணக்கை மட்டும் நம்ப முடியாது. நின்ற இடத்தில் மணிக்கணக்காக இயந்திரம் ஓடியிருக்கும். நகருக்குள் லீற்றருக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர்தான் போகும் என்பதையும் விலை பேசுமுன் கணக்கில் எடுங்கள்.