ஆட்கள் தேவை

'ஆட்கள் தேவை.'

இந்தச் சொற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும். மளிகைக் கடை வாசலில் தொங்கும். பெரிய தொழிற்சாலையின் கேட்டிலும் இருக்கும். வேலைக்கு ஆள் எடுப்பதன் முதல் படி இதுதான்.

பெங்களூரை எடுத்துக்கொள்வோம். அங்கே பீனியா, மைசூர் சாலை, பொம்மனஹள்ளி ஆகிய இடங்களில் துணி தைக்கும் தொழிற்சாலைகள் நிறைய உண்டு. கார்மெண்ட்ஸ் என்று சொல்வார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஒரு சட்டையை ஒரே ஆள் முழுதாகத் தைப்பது இல்லை. ஒருவர் காலர் தைப்பார். ஒருவர் கை தைப்பார். இன்னொருவர் பொத்தான் வைப்பார். இப்படி வரிசையாகப் பல பேர். இதை லைன் என்பார்கள். லைனில் ஒரு மெஷின் காலியாக இருந்தால் துணி அங்கேயே தேங்கி நிற்கும். சொன்ன தேதிக்குச் சட்டைகளை அனுப்ப முடியாது. கம்பெனிக்குத்தான் நஷ்டம்.

ஆகவே ஒன்றைக் கவனியுங்கள். நமக்கு வேலை தேவை. அதே போல் கம்பெனிக்கும் ஆள் தேவை. அவர்கள் நமக்குத் தருமம் செய்யவில்லை.

கம்பெனி ஆட்களை எப்படித் தேடுகிறது? கேட்டில் போர்டு மாட்டுகிறது. உள்ளே வேலை செய்பவர்களிடம், "உங்கள் தெருவில் தைக்கத் தெரிந்தவர் இருந்தால் கூட்டி வாருங்கள்" என்று சொல்கிறது. கூட்டி வருபவருக்குச் சில இடங்களில் சிறு தொகையும் கொடுக்கிறார்கள். சுற்றுக் கிராமங்களுக்கு வண்டி அனுப்பி நோட்டீசு கொடுப்பதும் உண்டு. தூரத்து மாநிலங்களில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கிராமத்து இளைஞர்களுக்கு இலவசமாகத் தொழில் கற்றுக்கொடுத்து வேலையில் சேர்த்துவிட, மத்திய அரசு 2014இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் தையல் கற்ற ஒடிசாப் பெண்களும் ஜார்க்கண்ட் பெண்களும் பெங்களூருக்கு வந்தார்கள்.

கேட்டில் போய் நின்றால் என்ன நடக்கும்? முதலில் வயதுக்குச் சான்று கேட்பார்கள். பிறகு மெஷின் முன்னால் உட்கார வைத்து ஒரு துண்டுத் துணியைக் கொடுப்பார்கள். நேராகத் தைக்கச் சொல்வார்கள். வளைத்துத் தைக்கச் சொல்வார்கள். கை எவ்வளவு வேகம், தையல் எவ்வளவு சுத்தம் என்று பார்ப்பார்கள். அதை வைத்து டெய்லரா, ஹெல்பரா என்று முடிவு செய்வார்கள். சம்பளமும் அதைப் பொறுத்ததுதான்.

இதில் பணம் கொடுக்கும் இடம் எங்கேயாவது வந்ததா? இல்லை.

எங்கள் மையத்தில் படிக்கும் ஓர் அக்கா பணம் கொடுத்திருக்கிறார். எழுத்துத் தெரியாத காலத்தில் நடந்தது அது. பக்கத்துத் தெரு ஆள் ஒருவர், "சூப்பர்வைசர் எனக்கு வேண்டியவர். 1500 ரூபாய் கொடு. நாளைக்கே வேலை" என்றாராம். அக்கா கம்மலை அடகு வைத்துக் கொடுத்தார். மறுநாள் அந்த ஆள் கேட் வரை கூட வந்தார். "உள்ளே போ" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார். அக்கா உள்ளே போனார், துணி தைத்துக் காட்டினார், வேலை கிடைத்தது. அந்த ஆள் இல்லாமலே கிடைத்திருக்கும். அந்தச் சூப்பர்வைசர் யார் என்றே கடைசி வரை தெரியவில்லை. கம்மலை மீட்க அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று.

போன வருடம் நானும் அக்காவும் அந்த வழியாகப் போனோம். கேட்டுக்குப் பக்கத்தில் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஒரு போர்டு. அக்கா நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தார். 'வேலைக்காக யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.' கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், அன்றைக்கும் இந்தப் போர்டு இங்கேதான் இருந்திருக்கும், இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

படிக்கத் தெரியாதவரை ஏமாற்றி ஆள் பிடிப்பது பழைய தொழில். வெள்ளைக்காரர் ஆட்சியில் மொரீசியஸ், நேட்டால், பிஜி போன்ற நாடுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவில் இருந்து கூலிகளைக் கப்பலில் அனுப்பினார்கள். கல்கத்தாவில் இருந்தும் சென்னையில் இருந்தும் கப்பல்கள் போயின. வட இந்தியாவில் ஆள் பிடிப்பவரை அர்காட்டி என்பார்கள். பிடித்துக் கொடுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. அப்புறம் எப்படி உண்மை பேசுவார்? "பிஜி கல்கத்தாவுக்குப் பக்கம்தான்" என்று சொல்லியும் கூட்டிப் போயிருக்கிறார்கள். 1879இல் முதல் கப்பல் கல்கத்தாவில் இருந்து பிஜி போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

ஐந்து வருடம் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு காகிதம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பலர் கைநாட்டு வைத்தார்கள். அந்தக் காகிதத்துக்கு இங்கிலீஷில் அக்ரிமெண்ட் என்று பெயர். மக்கள் வாயில் அது 'கிர்மிட்' ஆயிற்று. போனவர்கள் 'கிர்மிட்டியா' ஆனார்கள். 1917இல்தான் இப்படி ஆள் அனுப்புவது நின்றது. பிஜிக்கு மட்டும் 60,000 பேர் போயிருந்தார்கள்.

இன்றைக்கும் யாராவது "வேலை வாங்கித் தருகிறேன்" என்று வந்தால், "உங்களுக்குக் காசு யார் கொடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

வெளிநாட்டு வேலை என்றால் விதி கொஞ்சம் வேறு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆள் அனுப்பும் ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் கட்டணம் வாங்கலாம். ஆனால் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் உச்ச வரம்பு. ரசீது தர வேண்டும். பதிவு எண் இல்லாதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

அரசு வேலைக்கு வருவோம். அரசு வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று நம் அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அரசு ஊரறிய அறிவித்துத்தான் ஆள் எடுக்க வேண்டும். முன்பு பல இலாகாக்கள் வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களை மட்டும் பார்த்தன. அது போதாது, பத்திரிகையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவிக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அரசு வேலைக்குப் போட்டி மிகவும் அதிகம். 2018இல் ரயில்வே சுமார் 90,000 பேரை எடுக்கப் போவதாக அறிவித்தது. வந்த விண்ணப்பங்கள் 2 கோடிக்கும் மேல்! இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் புரோக்கர்களும் வருகிறார்கள். "லட்சம் கொடு, ஆர்டர் வரும்" என்பார்கள். பரீட்சைக் கட்டணத்தைத் தவிர அரசு வேலைக்கு வேறு எந்தப் பணமும் கிடையாது.

வேலை கிடைத்த பிறகு ஒரு காகிதம் வாங்க வேண்டும். அதற்கு நியமனக் கடிதம் என்று பெயர். இன்ன தேதியில் இருந்து, இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று அதில் இருக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்கள், தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இந்தக் கடிதத்தைக் கட்டாயமாகத் தர வேண்டும் என்கின்றன. பி.எஃப். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். எண் 12 இலக்கம் கொண்டது. கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது.

அக்கா சில மாதங்களுக்கு முன்பு வேறு கம்பெனிக்கு மாறினார். இந்த முறை தானே போர்டைப் படித்தார், தானே கேட்டுக்குப் போனார். தைத்துக் காட்டி டெய்லர் வேலைக்குத் தேர்வானார். கடிதத்தைக் கேட்டு வாங்கி மையத்துக்குக் கொண்டு வந்தார். அது இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். ஒவ்வொரு சொல்லாக இரண்டு மாலை உட்கார்ந்து படித்தோம். பெயர் சரி, தேதி சரி. வேலை என்ற இடத்தில் மட்டும் 'ஹெல்பர்' என்று இருந்தது.

"நான் டெய்லர் மெஷினில்தானே உட்கார்ந்திருக்கிறேன்?" என்றார் அக்கா. ஹெல்பருக்குச் சம்பளம் குறைவு.

மறுநாள் கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். "தப்பாக டைப் ஆகிவிட்டது" என்றார்களாம். அடுத்த சனிக்கிழமை திருத்திய கடிதம் வந்தது. கையெழுத்துப் போடும் முன்பு அங்கேயே நின்று படித்துப் பார்த்ததாகச் சொன்னார். இங்கிலீஷில் 'டெய்லர்' என்ற ஒரு சொல்லை மட்டும் முன்கூட்டியே எழுதிப் பழகி வைத்திருந்தார்.