பனையேறிக்கு இருபது ரூபாய்

பஞ்சகவ்யத்துக்குக் கருப்பட்டி போடுகிறோம். வேம்பார்க் கருப்பட்டிதானா என்று கேட்டு வாங்குகிறோம். அந்தப் பதநீரை இறக்கியவர் மரத்திலிருந்து விழுந்தால் அவர் வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

ஐம்பது அடிப் பனையிலிருந்து விழுபவர் இரண்டு நொடிக்குள் தரைக்கு வந்துவிடுவார். அப்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். கோடையில் நம்ம கரிசல் காடு வெடித்துக் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். பாளை சீவ காலை, மாலை இரண்டு வேளையும் ஏறியாகணும். தளைநார் இற்றுப்போகும், பிடித்த காய்ந்த மட்டை கையோடு வரும், குளவி கொட்டும்.

விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணி கொடுப்பது ஊர்ப் பழக்கம். அது கூடாது. முதுகெலும்பு முறிந்திருந்தால், தூக்குகிற தூக்கில் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்துவிடலாம். கழுத்தும் முதுகும் வளையாமல் படுத்தபடியே விட்டு 108-ஐ அழையுங்கள்.

இனி நான் முப்பது வருஷம் பார்த்த சமாச்சாரத்துக்கு வருகிறேன். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீடு 2015-இல் 12 ரூபாய்க்கு வந்தது. 2022 ஜூன் முதல் 20 ரூபாய். வங்கியிலோ தபால் நிலையத்திலோ கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர் சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டு காலும் நிரந்தரமாகச் செயலிழந்தாலும் 2 லட்சம். ஒரு கை அல்லது ஒரு கால் என்றால் 1 லட்சம். எலும்பு முறிந்து ஆறிவிட்டால் ஒன்றும் கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவும் தர மாட்டார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் அதையும் விடுவானேன்?

விதியில் ஒரு வரி கவனிக்கணும். சாலை விபத்துக்குப் போலீஸில் பதிவு வேண்டும். மரத்திலிருந்து விழுந்ததற்கும் பாம்புக்கடிக்கும் உடனடி ஆஸ்பத்திரிப் பதிவு வேண்டும். கூடப் போகிறவர் 'பனையிலிருந்து விழுந்தார்' என்று டாக்டரிடம் சொல்லி, அப்படியே எழுதவைக்கணும். 'கீழே விழுந்தார்' என்று மொட்டையாக இருந்தால் கோரிக்கை இழுபறிதான்.

காப்பு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் பணம் பிடிப்பார்கள். பதநீர் மும்முரமாக இறங்கும் நேரம் அது. கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பு அத்தோடு முடிந்துவிடும், பனையேறிக்குத் தெரியவே தெரியாது. வரப்புப் பனையைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விடுகிற நாமே மே மாதம் அவர் பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடலாம். தேதி தவறினாலும் முழுத் தொகை கட்டிச் சேரலாம். பணம் பிடித்த நாளிலிருந்துதான் காப்பு.