ஒரே ஒரு நம்பர் கூடினா விலை எங்கே போகும்?

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கறேன். போன செமஸ்டர் லீவுல தாத்தாவோட டிரங்குப் பெட்டியில் 1919ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டது. கறுத்துப் போயிருந்தது. ஆர்வக்கோளாறுல புளியும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் போட்டுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டேன். நாணயம் விற்கிற கடைக்காரர் ஒருத்தர்கிட்ட பெருமையா நீட்டினேன். வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "தேய்ச்சிட்டியா தம்பி? இனிமே இதுக்கு வெள்ளி விலைதான்" என்றார்.

அந்தக் கடுப்பில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுறேன்.

மூணாவது ஆள் எதுக்கு?

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போறீங்கன்னு வையுங்க. வண்டியோட குறை விற்கிறவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதனால பயந்து விலையைக் குறைச்சுக் கேட்பீங்க. நல்ல வண்டி வச்சிருக்கறவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970ல் எழுதியது இதைப் பற்றித்தான். 2001ல் நோபல் பரிசும் வாங்கினார்.

நாணயத்திலும் இதே கதை. நீங்க விற்கப் போனா "தேய்ஞ்சிருக்கே" என்பாங்க. அதையே வாங்கப் போனா "சூப்பர் பீஸ் சார்" என்பாங்க. இதுக்குத் தீர்வாக அமெரிக்காவில் 1986ல் பிசிஜிஎஸ், 1987ல் என்ஜிசி என்று இரண்டு நிறுவனங்கள் வந்தன. நாணயத்தை அனுப்பினால் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் பார்த்து, அசலா போலியா, தேய்த்துச் சுத்தம் செய்ததா என்று சோதித்து, ஒரு கிரேடு போடுவாங்க. பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து சீல் செய்து, நம்பர் போட்டுத் தருவாங்க. இதுக்குப் பேர் ஸ்லாப்.

கிரேடு 1 முதல் 70 வரை. இந்த அளவுகோலை 1949ல் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் பழைய அமெரிக்க ஒரு சென்ட் செப்புக் காசுகளுக்காக உருவாக்கினார். 70 கிரேடு காசு, 1 கிரேடு காசைப் போல 70 மடங்கு விலை என்பது அவர் கணக்கு. அதாவது நேர்கோடு. இன்று அளவுகோல் மட்டும் மிஞ்சியிருக்கு, அந்த நேர்கோடு காணாமப் போச்சு. 60 முதல் 70 வரை புழக்கத்துக்கே போகாத நாணயங்கள். அவற்றை எம்எஸ் என்று குறிப்பாங்க.

இரண்டு டாலர்களின் கதை

மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயத்தை எடுத்துக்குவோம். சான் பிரான்சிஸ்கோ சாலையில் அடித்தவற்றில் சின்னதா 'எஸ்' இருக்கும். 1881-எஸ் சுமார் 1.27 கோடி அடிக்கப்பட்டது, 1884-எஸ் 32 லட்சம். நான்கில் ஒரு பங்குதானே, விலை நான்கு மடங்கு இருக்குமா?

இல்லை. நல்லா தேய்ந்த 1884-எஸ் வெள்ளி விலையைவிடக் கொஞ்சம் அதிகத்துக்குக் கிடைக்கும். ஆனால் எம்எஸ்-65 என்றால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். 1881-எஸ் அதே எம்எஸ்-65ல் சில நூறு டாலருக்குள் முடிந்துவிடும். காரணம், 1881-எஸ் மூட்டை மூட்டையாகக் கஜானாவில் தூங்கியது. 1884-எஸ் பெரும்பாலும் ஜனங்க கையில் புழங்கித் தேய்ந்தது. புதுசு மாதிரி தப்பித்தவை மிகக் குறைவு.

எத்தனை அடிச்சாங்க என்பதைவிட எத்தனை, எந்த நிலையில் மிஞ்சியது என்பதே விலையைத் தீர்மானிக்குது. 1918ல் பிட்மன் சட்டப்படி சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினாங்க. எந்த வருஷத்து நாணயம் எத்தனை உருகியது என்ற கணக்கே கிடையாது. அதனால் கிரேடிங் நிறுவனங்கள் வெளியிடுகிற பட்டியல் முக்கியமாகுது. எந்த நாணயத்தில் எந்த கிரேடு எத்தனை வந்திருக்கு என்று அதில் பார்க்கலாம். உச்ச கிரேடில் ஒன்றிரண்டுதான் இருந்தால் பணக்காரர்கள் போட்டி போடுவாங்க. புதுசா நாலு வந்து சேர்ந்தால் விலை இறங்கும்.

ரீவேல்யூவேஷன் இங்கேயும் உண்டு

49 மார்க்குக்கும் 50 மார்க்குக்கும் என்ன வித்தியாசம்? அறிவில் ஒண்ணுமில்லை, அரியர்ல இருக்கு. எம்எஸ்-64, எம்எஸ்-65ம் அப்படித்தான். கன்னத்தில் ஒரு சின்னக் கீறல், கொஞ்சம் மங்கிய பளபளப்பு, அவ்வளவுதான். பார்ப்பது மனுஷங்க என்பதால் அதே நாணயம் இன்னொரு நாள் வேற கிரேடு வாங்கலாம்.

அதனால சிலர் ஸ்லாபை உடைத்து மறுபடி அனுப்புறாங்க. ஒரு நம்பர் ஏறினால் லட்சக்கணக்கில் லாபம் என்றால், ஃபீஸ் ஒரு பொருட்டா? இதில் ஒரு பக்கவிளைவும் இருக்கு. பழைய லேபிளைத் திருப்பித் தராவிட்டால் ஒரே நாணயம் பட்டியலில் இரண்டாகக் கணக்காகும். இந்தக் குழப்பத்தால் 2007ல் சிஏசி என்ற நிறுவனம் வந்தது. ஏற்கனவே ஸ்லாபில் இருப்பதைப் பார்த்து, கொடுத்த கிரேடுக்குத் தகுதியானது என்றால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டும். திருத்தினவங்களையே திருத்த ஒரு ஆள்! ஸ்டிக்கர் இருந்தால் அதே கிரேடிலும் விலை கூடுது.

நீங்க என்ன செய்யலாம்?

இந்திய நாணயங்களையும் இந்த நிறுவனங்கள் கிரேடு செய்யுது. ஆனால் ஃபீஸும் அனுப்புற செலவும் நாணயத்தின் விலையைத் தாண்டினால் அனுப்பாதீங்க. ஸ்லாபில் இருப்பதை வாங்கினால் அதிலுள்ள நம்பரை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்க. போலி ஸ்லாபும் இருக்கு. லேபிளை மட்டும் பார்த்து வாங்காம, நாணயத்தையும் பாருங்க.

முக்கியமா, வீட்டில் பழைய நாணயம் கிடைத்தால் தேய்க்காதீங்க. கறுப்பு என்பது அழுக்கு இல்லை. வெள்ளி காற்றோடு வினைபுரிந்து உண்டான மெல்லிய படலம். அதைத் தேய்க்கும்போது நாணயத்தின் தோலும் சேர்ந்தே போயிடும். அப்படிப்பட்டதுக்கு பெரும்பாலும் நம்பரே தரமாட்டாங்க, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி அனுப்பிடுவாங்க.

என் ரூபாய் இப்போ மேசை டிராயரில் இருக்கு. 1918ல் உருக்கிய டாலர்களின் வெள்ளியில் பெரும்பகுதியை பிரிட்டன் வாங்கியது இந்தியாவில் ரூபாய் அடிக்கத்தான். அதில் ஒரு துளி இந்த 1919 ரூபாயிலும் இருக்கலாம். அதனால வெள்ளி விலைக்கு இதை விற்கப் போறதில்லை. இனி புளி பக்கமும் கொண்டு போக மாட்டேன்.